ஃபேன் நின்றால் முதல் எழுத்து காணோம்

"ஃபேன் ஓடசொல்ல ஒழுங்காத்தான் பேசுது தம்பி. ஃபேன் நின்னா மொத எழுத்த முழுங்கிடுது."

காட்பாடியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் அக்கா சொன்ன புகார் இது. அக்காவுக்குப் பார்வை கிடையாது. வங்கித் தேர்வுக்குப் படிக்கிறார். மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டிருக்கிறார். திரையில் இருப்பதை ஓர்கா எடுத்துக் கொடுக்கும், ஈஸ்பீக் அதைப் பேசும். என்னிடம் வருவதற்கு முன்பே ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். ஸ்பீக்கர் போய்விட்டது என்று சொல்லிப் புது ஸ்பீக்கர் மாட்டிப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். கோளாறு அப்படியே இருந்தது. மறுபடி போனபோது, ஃபேன் சத்தம் இல்லாவிட்டால் சின்னச் சின்னக் குறையெல்லாம் காதில் படத்தான் செய்யும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

அந்த விளக்கம் எனக்குக் கொஞ்சமும் ஒட்டவில்லை. சத்தம் இல்லாத அறையில் கூடுதலாகக் கேட்கும் என்பது சரி. இங்கே சத்தம் இல்லாத அறையில் குறைவாக அல்லவா கேட்கிறது?

ஊரை வைத்து யோசித்தால் விடையின் பாதி கிடைத்துவிடும். கத்திரி வெயிலில் கரண்ட் இருக்கும்போது ஃபேனை நிறுத்தும் வேலூர்க்காரர் யாரும் கிடையாது. அக்கா வீட்டில் இன்வெர்ட்டரும் இல்லை. ஆக, ஃபேன் நின்றது என்றால் கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனால் மடிக்கணினி பேட்டரிக்கு மாறும். கடைக்காரர் மேசையில் சார்ஜரைச் செருகி வைத்துத்தான் சோதித்திருப்பார். அங்கே எப்படி வரும் இந்தக் கோளாறு?

முதல் எழுத்து போனால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கத் தோன்றும். பாட்டுக் கேட்பவருக்கு ஒன்றுமில்லை. தம்புராவின் முதல் மீட்டலில் கால் பங்கு போனால் யாருக்குத் தெரியும். ஆனால் அக்கா கேட்பது பாட்டு இல்லை. கணக்குக் கேள்வியில் விடைத் தேர்வுகள் வரும்: மைனஸ் 40, மைனஸ் 4, 40, 4. 'மைனஸ்' விழுந்துவிட்டால் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றாகிவிடும். ஈஸ்பீக்கை அக்கா நிமிடத்துக்கு 400 சொல் வேகத்தில் வைத்திருக்கிறார். பழகாத காதுக்கு அது அரிசி கொட்டுகிற சத்தம்தான். அந்த வேகத்தில் ஒரு சொல்லுக்குச் சராசரியாக 150 மில்லிசெகண்டு வருகிறது. நமக்கெல்லாம் கண் சிமிட்டும் நேரம், அவருக்கு ஒரு முழுச் சொல்.

சரி, இனி இயந்திரத்துக்குள் போவோம். ஒலி நின்றபின் லினக்ஸில் தூங்கப் போவது ஒரே ஆள் இல்லை. ஓர்கா ஒரு வரியைப் பேசி முடித்ததும், ஒலியை வாங்கி அனுப்பும் பைப்வயர் ஒலிச் சாதனத்தை உடனே விட்டுவிடாது. அதை நிர்வகிக்கும் வயர்ப்ளம்பர் வழக்கமாக 5 விநாடி பொறுத்துப் பார்க்கும். யாரும் எதையும் ஒலிக்கவில்லை என்றால் அப்போது மூடும். அதற்குப் பிறகுதான் லினக்ஸின் மையமான கெர்னலின் முறை. மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பது 2004இல் இன்டெல் வகுத்த எச்டி ஆடியோ அமைப்பு. அதை இயக்கும் நிரலான ட்ரைவரில் 'பவர் சேவ்' என்று ஒரு அளவுரு உண்டு, மதிப்பு விநாடியில். 0 என்றால் தூங்கவே வேண்டாம். 1 என்றால் ஒரு விநாடி சும்மா இருந்ததும், டிஜிட்டல் ஒலியை மின்னலையாக மாற்றும் கோடெக் சில்லைத் தூங்க வை. கோடெக் டி0 என்ற விழிப்பு நிலையிலிருந்து டி3க்கு இறங்கும். இறங்கும்போது ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபயரையும் அணைத்துவிடும். அந்தச் சுவிட்சுக்கு எச்டி ஆடியோ வட்டாரத்தில் இஏபிடி என்று பெயர். கோடெக் தூங்கியபின் அதைக் கணினியோடு இணைக்கும் கன்ட்ரோலரும் கண்ணை மூடிக்கொள்ளும்.

இரண்டையும் கூட்டினால் ஆறு விநாடி மௌனம். ஒரு கணக்கைக் கேட்டுவிட்டு ஆறு விநாடிக்குள் அடுத்த விசையைத் தட்டுபவர் யார்? அக்காவிடம் இதைச் சொன்னேன். "நான் யோசிக்கசொல்ல அது தூங்கிப்பூடுதா? இன்னாத்துக்கு தம்பி அதுக்கு அவ்ளோ அவசரம்?" என்றார். நியாயமான கேள்வி. ஒலிச் சில் மட்டும் குடிக்கிற மின்சாரம் சொற்பம்தான். ஆனால் அதன் கன்ட்ரோலர் விழித்திருந்தால் பிராசசரும் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போக முடியாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். பேட்டரியை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இந்த அளவுருவைத் தேடி வருவது அதனால்தான்.

அக்காவின் கணினியில் ஒரு மின்சேமிப்பு மென்பொருள் கருவி நிறுவப்பட்டிருந்தது. சார்ஜர் செருகியிருந்தால் பவர் சேவ் 0. பிடுங்கினால் 1. கருவியின் அமைப்புக் கோப்பில் இரண்டு வரியாகவே இருந்தது. ஃபேனுக்கும் எழுத்துக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான்.

இங்கேயே பேட்டரிக்கும் 0 என்று எழுதிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. ஒரு விநாடியில் தூங்கும் மடிக்கணினிகள் உலகம் முழுக்க இருக்கின்றன. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் 28ஆம் பதிப்பு, 2018 மே மாதம் வந்தபோதே கோடெக்கைத் தூங்க வைப்பதை இயல்பாக்கிவிட்டது. எல்லாவற்றிலும் முதல் எழுத்து விழுவதில்லை. இதில் மட்டும் ஏன்?

இந்த வகைக் கோளாறில் பெரிய தொல்லை, கிட்டே போனால் அது மறைந்துவிடுவதுதான். வருகிறதா என்று பார்க்க ஓர் ஒலியைப் போடுவோம். அந்த ஒலியே கோடெக்கை எழுப்பிவிடும். அடுத்தடுத்துப் பத்துத் தடவை போட்டாலும் முதலாவதில் மட்டும்தான் கோளாறு, மீதி ஒன்பதும் சுத்தம். ஒலியே போடாமல் நிலையை மட்டும் வாசிக்கலாம் என்றால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கெர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் ப்ரோக் அடைவின் கீழே கோடெக் பற்றிய முழு விவரக் கோப்பு ஒன்று உண்டு. எந்த முனை எந்த நிலையில் இருக்கிறது என்று வரி வரியாகச் சொல்லும். ஆனால் அதைத் திறந்ததும் விவரம் கேட்பதற்காக ட்ரைவர் கோடெக்கை எழுப்பிவிடும். தூங்குகிறாயா என்று தட்டிக் கேட்டால், இல்லையே, விழித்துத்தான் இருக்கிறேன் என்று பதில் வரும். அந்தக் கோப்பை மட்டும் பார்த்துவிட்டு 'என் கோடெக் தூங்குவதே இல்லை' என்று சாதிக்கிறவர்கள் உண்டு.

எழுப்பாமல் எட்டிப் பார்க்க வழி இருக்கிறது. அதே மாதிரி கெர்னல் காட்டும் சிஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு அடைவில் ஒவ்வொரு சாதனத்துக்கும் 'பவர்' என்று ஓர் அடைவு உண்டு. அதற்குள் 'ரன்டைம் ஸ்டேட்டஸ்' என்ற கோப்பு ஆக்டிவ் அல்லது சஸ்பெண்டட் என்று சொல்லும். அது கெர்னலின் ஏட்டில் இருப்பதைத்தான் காட்டுகிறது, சில்லைத் தொடாது. கோடெக் எவ்வளவு நேரம் விழித்திருந்தது, எவ்வளவு நேரம் தூங்கியது என்று மில்லிசெகண்டில் கூட்டி வைக்கும் இரண்டு கோப்புகளும் உண்டு. இவற்றைச் சில விநாடிக்கு ஒருமுறை பதிந்து வைக்கும்படி நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டிபக்கிங் என்றதும் விசைப்பலகையில் விரல் பறக்கும் காட்சிதான் நினைவுக்கு வரும். இதில் பாதி நேரம் ஒன்றையும் தொடாமல் இருப்பதுதான் வேலை. மின்சேமிப்புக் கோளாறு என்று வருகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கையை எடுங்கள், காத்திருங்கள், பிறகு ஒரே ஒரு தடவை சோதியுங்கள். அடுத்த சோதனைக்கு மறுபடி அவ்வளவு நேரம் காத்திருங்கள். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை ஆகாது.

பொதுவாக முதல் சந்தேகம் விழுவது எண்ணிக்கையின் மேல். 2009இல் ரஃபேல் வைசாக்கி கெர்னலுக்குள் கொண்டுவந்த ரன்டைம் மின்மேலாண்மை, அதாவது கணினி ஓடும்போதே சும்மா இருக்கும் சாதனத்தைத் தூங்க வைக்கும் ஏற்பாடு, ஓர் எண்ணிக்கையை நம்பித்தான் நடக்கிறது. சாதனத்தை எடுத்துப் பயன்படுத்தினால் ஒன்று கூடும், வைத்துவிட்டால் ஒன்று குறையும். பூஜ்யத்துக்கு வந்ததும் தூக்கக் கடிகாரம் ஓடத் தொடங்கும். ட்ரைவர் எழுதியவர் எங்காவது எடுத்துவிட்டு வைக்க மறந்தால் சாதனம் தூங்கவே தூங்காது, பேட்டரி காலியாகும். ஒரு தடவை அதிகமாக வைத்துவிட்டால் இன்னும் மோசம்: பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடும். கெர்னலின் ட்ரேஸ் வசதியில் ஆர்பிஎம் எனப்படும் ரன்டைம் மின்மேலாண்மை நிகழ்வுகளைத் திறந்துவிட்டால் ஒவ்வொரு தூக்கமும் விழிப்பும் நேரத்தோடும் எண்ணிக்கையோடும் பதிவாகும். பார்த்தேன். கணக்கு பைசா பிசகாமல் சரியாக இருந்தது. கெர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜில் ஒரு புகார் வரி கிடையாது.

அடுத்ததாக எழுந்து முடிக்கிற நேரம். கோடெக்கை எழுப்புவது பல படி வேலை. கன்ட்ரோலரை எழுப்பி, இணைப்பை உயிர்ப்பித்து, கோடெக்கை டி0க்கு ஏற்றி, தூங்கும் முன் இருந்த ஒலியளவையும் முனை அமைப்பையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுத வேண்டும். ரியல்டெக் நிறுவனத்தின் கோடெக்குகளுக்கான ட்ரைவர் கோப்பில் சில மாடல்களுக்கு நடுநடுவே 85 மில்லிசெகண்டு, 100 மில்லிசெகண்டு என்று வேண்டுமென்றே நின்று போகும் வரிகள் உண்டு. ஹெட்ஃபோனில் 'டப்' என்ற சத்தம் வராமல் இருக்க அந்த நிதானம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் கெர்னலின் ஒலிப் பகுதியான ஆல்சா ஒலியை ஓட்டத் தொடங்குகிறது. ட்ரைவர் மெதுவாக எழுந்தால் ஒலி தாமதமாக வரும். வெட்டுப்படாது. அக்காவின் புகாரோ வெட்டு. தாமதமும் வெட்டும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் குற்றவாளி வேறு ஆள்.

இரண்டையும் பிரித்துக் காட்ட ஓர் ஒலிக்கோப்பு செய்தேன். ச ரி க ம ப த நி, மேல் ச. ஒவ்வொரு சுரமும் 50 மில்லிசெகண்டு, இடைவெளி இல்லாமல். பேட்டரியில் வைத்து, கோடெக் தூங்கும்வரை பொறுத்து, அதை ஒலிக்கவிட்டால் முதலில் காதில் விழும் சுரமே கணக்குச் சொல்லிவிடும். ச வந்தால் வெட்டே இல்லை. ரி என்றால் 50 போயிற்று. அக்கா சின்ன வயதில் பாட்டுப் படித்தவர். "ம-ல இருந்துதான் வருது. அந்த ம-வும் சன்னமாத்தான் எழும்புது" என்றார். எனக்கு 'விர்ர்' என்று ஒரு கீற்றல்தான் கேட்டது. கைபேசியை ஸ்பீக்கருக்கு அருகில் வைத்துப் பதிவு செய்து அலை வடிவத்தைப் பார்த்தேன். சித்தூர் பேருந்தின் ஹார்னும் ரயில் சத்தமும் அடங்குவதற்கு ராத்திரி வெகுநேரம் ஆனது. அக்கா சொன்னது சரி. சுமார் 150 மில்லிசெகண்டு வெறுமை, பிறகு ம மெல்ல ஏறி வருகிறது.

அந்த 'மெல்ல ஏறி'தான் எனக்குத் துப்பு. டிஜிட்டல் பக்கம் வெட்டு விழுந்தால் கத்தி வைத்து நறுக்கின மாதிரி இருக்கும். இப்படி மெல்ல ஏறினால் மின்தேக்கி ஏதோ நிரம்புகிறது என்று அர்த்தம். அதே கோப்பை ஹெட்ஃபோனில் கேட்டால் ச-விலிருந்து முழுசாக வந்தது. கோடெக் அதே கோடெக், தூக்கமும் அதே தூக்கம். மாறியது கடைசித் துண்டு வழி மட்டும். ஸ்பீக்கர் வழியில் மட்டும் இருப்பது இஏபிடி சுவிட்சுக்குக் கட்டுப்பட்ட ஆம்ப்ளிஃபயர்.

சந்தேகம் வலுத்தாலும் அதை நிரூபிக்க வேண்டுமே. எச்டிஏ-வெர்ப் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. கோடெக்கோடு நேரடியாகப் பேசலாம், குறிப்பிட்ட முனைக்குக் குறிப்பிட்ட கட்டளையை அனுப்பலாம். பவர் சேவை 0 ஆக்கிக் கோடெக்கைத் தூங்கவிடாமல் செய்தேன். சார்ஜரையும் செருகினேன். ஸ்பீக்கர் முனையின் இஏபிடியை மட்டும் கையால் அணைத்துவிட்டு, திரும்பப் போட்ட கையோடு சுரங்களை ஓட்டினேன். ம-விலிருந்துதான் வந்தது! தூக்கமும் இல்லை, பேட்டரியும் இல்லை, கோளாறு மட்டும் தனியாக வந்து நின்றது. இந்த வேலையில் இதைவிட இன்பமான கட்டம் கிடையாது. விரும்பும்போது வரவழைக்க முடிகிற கோளாறு பாதி செத்த கோளாறு.

ஆக, கெர்னல் ட்ரைவர் தப்புச் செய்யவில்லை. ஆம்ப்ளிஃபயரைப் போடச் சொன்னது, போட்டாயிற்று என்று நம்பி ஒலியை அனுப்பியது. ஆம்ப்ளிஃபயர் சோக் வைத்த பழைய ட்யூப்லைட் ரகம். சுவிட்சைத் தட்டினால் இரண்டு தரம் யோசித்துவிட்டுத்தான் எரியும். 'எரிந்துவிட்டேன்' என்று திருப்பிச் சொல்ல அதற்கு வாயும் கிடையாது. மடிக்கணினியைத் தயாரித்தவர்கள் இன்னொரு இயங்குதளத்தில் தங்கள் ட்ரைவரில் இதற்கு ஒரு காத்திருப்பை வைத்திருக்கக்கூடும். அந்த விவரம் சில்லுக்குள்ளே எழுதி வைக்கப்படுவதில்லை. லினக்ஸ்காரர்கள் இப்படி ஒவ்வொன்றாகத் தட்டித் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ரியல்டெக் கோப்பில் மாடல் மாடலாக நீளும் அந்த விதிவிலக்குப் பட்டியலைப் பார்த்து இதென்ன குப்பை என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பட்டியல் மேல் மரியாதை. அதில் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் இப்படி உட்கார்ந்து காத்திருந்து எழுதியது.

தீர்வுக்கு வழிகள் பல, எல்லாம் ஒரே தரம் இல்லை. ட்ரைவரில் இந்த மாடலுக்கு மட்டும், இஏபிடி போட்டபின் 200 மில்லிசெகண்டு காத்திரு என்று ஒரு விதிவிலக்கு சேர்க்கலாம். வெட்டு, தாமதமாக மாறும். சொல் தாமதமாக வந்தால் எரிச்சல்தான், ஆனால் மைனஸ் மைனஸாகவே வந்து சேரும். வயர்ப்ளம்பரிடம் ஸ்பீக்கரை மூடவே வேண்டாம் என்று சொல்லலாம். எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்காது, கெர்னல் தூங்க வைக்காது. நாள் முழுக்கச் சத்தமில்லாத ஒலியை ஓட்டிக்கொண்டிருக்கும் குறுக்குவழியும் புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிராசசரை வீணாகக் கிள்ளிக்கொண்டே இருப்பது அது.

ட்ரைவரிலேயே மறுப்புப் பட்டியல் ஒன்றும் உண்டு. பவர் சேவால் சத்தம் கெடும் மாடல்களின் அடையாள எண்கள் அதில் இருக்கும். பொருந்தினால் ட்ரைவர் ஏறும்போதே மதிப்பை 0 ஆக்கிவிடும். இந்த மடிக்கணினியைச் சேர்த்துவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. அது தொடக்க மதிப்பு மட்டும்தான். பிறகு மின்சேமிப்புக் கருவி வந்து 1 என்று எழுதினால் 1தான். பேட்டரி அளவு பார்த்துப் பழகிய யாரோ ஒருவர் கருவியில் போட்டுவைத்த இயல்பு மதிப்பு, கெர்னலில் அடுத்தவர் பாடுபட்டுச் சேர்த்த வரியைச் சத்தமில்லாமல் அடித்துவிடும். என்னைக் கேட்டால், திரைவாசிப்பான் ஓடுகிற கணினியில் ஒலிச் சாதனத்தை இந்தக் கருவிகள் தொடவே கூடாது. ஓர்கா ஓடுகிறதா என்று பார்ப்பது அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை.

அக்காவின் கணினியில் கருவியின் அமைப்பில் இரண்டு வரியையும் 0 ஆக்கிவிட்டேன். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீர்கிறது. ஒரு மாதிரித் தேர்வு எழுதி முடிக்கத் தாங்குகிறது, அது போதும் என்கிறார். ட்ரைவரில் காத்திருப்பைச் சேர்க்கும் திருத்தம் (பேட்ச்) தனியாக இருக்கிறது, அதோடு கட்டிய கெர்னலைப் பூட் மெனுவில் இரண்டாவதாக வைத்திருக்கிறேன். அதில் பவர் சேவ் 1 என்று வைத்தாலும் சுரங்கள் ச-விலிருந்தே வருகின்றன. 200 என்பதை 160க்குக் குறைத்தால் போதுமா என்று அடுத்து பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் எடுத்த அளவு மார்கழிக் குளிரிலும் செல்லுமா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் கெர்னல்காரர்களுக்கு அனுப்புவதாக இருக்கிறேன்.

நடுவில் அக்கா ப்ளூடூத் ஹெட்செட் ஒன்று வாங்கியிருக்கிறார். அதிலும் முதல் எழுத்து விழுகிறதாம், ஃபேன் ஓடினாலும் நின்றாலும். அங்கே பவர் சேவுக்கு வேலை கிடையாது, எச்டிஏ ட்ரைவரே வழியில் வராது. சந்தேகப்பட வேண்டியது ஹெட்செட்டுக்குள்ளேயே இருக்கும் நிரலான ஃபர்ம்வேரை. நம் பக்கத்திலிருந்து செய்யக்கூடியது வயர்ப்ளம்பர் அந்த இணைப்பை மூடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான். அது பற்றாவிட்டால், சத்தமில்லாத ஒலியை ஓட்டும் அந்தக் குறுக்குவழியை நானே போட்டுக் கொடுக்க வேண்டி வரும்.